கிரீட் பயணம்: க்னோசஸைத் தவிர்க்கச் சொல்வது அறிவுரையா, அகந்தையா?

ஆழிவாசல் எழுதியது:

அக்டோபர் முதல் வாரத்தில் தாய் தந்தையுடன் ஆறு நாள் கிரேக்கத்தின் கிரீட் தீவைச் சுற்றிப் பார்க்கவிருக்கும் வழிப்போக்கன் நேற்று வேறோர் இழையில் யோசனை கேட்டிருந்தார். அவருக்குப் பழஞ்சுவடி அளித்த பதில் இது: "க்னோசஸ் ஒரு சிமெண்ட் அரங்கு, அங்கே ஒரு தூண்கூட அசல் இல்லை, அந்த அரை நாளை ஃபைஸ்டோஸுக்குக் கொடுங்கள்."

ஃபைஸ்டோஸ், தீவின் தெற்கிலுள்ள இன்னொரு பழைய அரண்மனை. அவர் பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. முதன்முறையாகக் கிரீட்டுக்குச் செல்லும் ஒரு குடும்பத்திடம், கிரீட்டின் வெண்கலக் கால மினோவன் நாகரிகத்தின் மிகப் பெரிய அரண்மனையான க்னோசஸைப் பார்க்காதே என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900 மார்ச்சில் அங்கே தோண்டத் தொடங்கிய சில வாரங்களிலேயே அரியணை அறை வெளிப்பட்டது. அதன் ஜிப்சக் கல் இருக்கை, கண்டெடுத்த இடத்திலேயே, அதே சுவரை ஒட்டி இன்றும் இருக்கிறது. மேற்குப் பகுதியில் வரிசையாக நீளும் சேமிப்பறைகளும், ஆளுயரத் தாழிகளும், கல் பாவிய அரச வீதியும் எவன்ஸ் சிமெண்டில் வார்த்தவையா? பழஞ்சுவடி இதற்கு நேராகப் பதில் சொல்லட்டும்.

பழஞ்சுவடி எழுதியது:

நேராகவே சொல்கிறேன். நான் இருக்கையைப் பற்றியோ தாழியைப் பற்றியோ எழுதவில்லை. தூணைப் பற்றி எழுதினேன். நான் எழுதாததற்கு மறுப்பு எழுதுவது ஆழிவாசல் அவர்களின் நெடுநாள் பழக்கம் என்பதால் எனக்கு வியப்பும் இல்லை.

க்னோசஸ் என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது, மேலே பருத்துக் கீழே சிறுத்த சிவப்புத் தூண்கள். மினோவர்கள் நிறுத்திய தூண்கள் மரத்தாலானவை. அவை தீயில் கருகியும் மண்ணுக்குள் மக்கியும் போய்விட்டன. எவன்ஸ் முதலில் மரத்தைக் கொண்டே முட்டுக் கொடுத்துப் பார்த்தார். கிரீட்டின் மழைக்காலங்களில் அந்த மரமும் உளுத்தது. பிறகு இரும்பு உத்தரம் வைத்தார். 1920களில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு வந்து, அதற்குச் சிவப்பும் கறுப்பும் பூசி, மேல்தளங்களையே எழுப்பி நிறுத்தினார். பயணிகள் முண்டியடித்துப் படம் எடுப்பது இந்தக் கான்கிரீட்டின் முன்னால்தான். அங்கே மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய தூண் ஒன்றை, ஒன்றே ஒன்றை, யாராவது காட்டட்டும். நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

நெய்தல் எழுதியது:

எழுதுவதை நிறுத்துவதாகப் பழஞ்சுவடி வாக்களிப்பது இது மூன்றாம் முறை. யாரும் நம்ப வேண்டாம்.

தூணின் வடிவத்தை எவன்ஸ் கனவில் காணவில்லை. மரத்தூண்களைத் தாங்கிய கல் அடித்தளங்கள் கிடைத்தன. கருகிய மரத்தின் எச்சங்கள் கிடைத்தன. அரண்மனையின் சிறு சுவரோவியங்களிலேயே அதே வடிவத் தூண்கள் வரையப்பட்டிருந்தன. கிழக்குப் பகுதியின் பெரும் படிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாடி மாடியாகக் கீழிறங்கும் அந்தப் படிகளை ஒரு காலத்தில் தாங்கிய மரம் மக்கிப்போய், மண் மட்டுமே அவற்றைத் தூக்கி நிறுத்தியிருந்தது. மண்ணை அகற்ற அகற்ற மாற்று முட்டு வைத்தே ஆகவேண்டும். இல்லையேல் படிகள் முழுதும் சரிந்து, இன்று நாம் சண்டையிடக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது. 1926 ஜூனில் கிரீட்டைக் கடும் நிலநடுக்கம் உலுக்கியபோது எவன்ஸ் அங்கேதான் இருந்தார். அவர் வலுப்படுத்திய பகுதிகள் தாக்குப்பிடித்தன. கான்கிரீட் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழஞ்சுவடி எழுதியது:

முட்டு வைப்பதை யார் குறை சொன்னார்? முட்டு வைத்தவர் அதற்குமேல் ஒரு மாடி கட்டி, அதற்கு இத்தாலிய மாளிகைகளின் பாணியில் 'பியானோ நோபிலே' (முதன்மை மாடி) என்று பெயரும் சூட்டி, சுவரில் புதிய ஓவியமும் மாட்டினாரே, அதைச் சொல்லுங்கள். 'அல்லி இளவரசன்' ஓவியத்தில் மார்பு ஒரு துண்டு, கிரீடம் ஒரு துண்டு, கால் ஒரு துண்டு. இவை ஒரே உருவத்தைச் சேர்ந்தவையா என்றே அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். குங்குமப்பூ பறிக்கும் நீலநிறச் சிறுவன் என்று எவன்ஸ் காலத்தில் நிறைவு செய்யப்பட்ட ஓவியத்தின் கதை இதைவிடச் சுவையானது: அது சிறுவனே அன்று, குரங்கு என்று பின்னால் தெரியவந்தது. வாலைப் பார்த்தும் சிறுவன் என்று நினைத்தவர்களின் கையில் தூணை ஒப்படைத்துவிட்டு, அது அசல் என்று என்னை நம்பச் சொல்கிறீர்கள்.

கருகிய மரம் என்பது கருகிய மரம்தான். அது தூண் ஆகாது. ஒரு தூண் கேட்டேன். இன்னும் வரவில்லை.

கார்முகில் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'அசல்' என்று இருவரும் மாறி மாறி எழுதுகிறீர்கள். ஒருவர் பொருளின் வயதைச் சொல்கிறார், மற்றவர் வடிவத்தின் சான்றைச் சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு முதலில் ஒரு பொருளை முடிவு செய்துகொண்டால் பாதி சண்டை தீராதா? மேலும், எவன்ஸுக்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே, 1878இல், மினோஸ் கலோகைரினோஸ் என்ற, க்னோசஸுக்கு அருகிலுள்ள ஹெராக்லியோன் நகரத்துக்காரர் அங்கே தோண்டித் தாழிகளை வெளியில் எடுத்துவிட்டார். அவர் பெயரை இங்கே ஒருவரும் சொல்லாதது வருத்தமாக இருக்கிறது.

பழஞ்சுவடி எழுதியது:

சொல்லுக்குப் பொருள் தேட அகராதி இருக்கிறது. நான் கேட்டது தூண். கலோகைரினோஸ் தூண் எதையும் எடுக்கவில்லை.

வழிப்போக்கன் எழுதியது:

வணக்கம். என் பொருட்டு இவ்வளவு நேரம் செலவிடும் அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஃபைஸ்டோஸில் படிகள் அதிகமா என்றும், ஹெராக்லியோனிலிருந்து காரில்லாமல் அங்கே போய்வர முடியுமா என்றும், அக்டோபரில் ஸ்பினலோங்கா தீவுக்குப் படகு ஓடுமா என்றும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

ஆழிவாசல் எழுதியது:

வழிப்போக்கனுக்குப் பிறகு பதில் சொல்கிறேன்; அதற்கு முன் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ரோட்ஸ் தீவுக்குப் போய்வந்த பழஞ்சுவடி, அங்குள்ள, இடைக்கால மாவீரர் சபையின் பெருந்தலைவர் அரண்மனையைப் பற்றி இதே களத்தில் உருகி உருகி எழுதினார்; "இடைக்காலம் அப்படியே உறைந்து நிற்கிறது" என்பது அவருடைய சொற்றொடர். அந்த அரண்மனை 1856இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. இன்று நிற்பதில் பெரும்பகுதி, தீவை ஆண்ட இத்தாலியர் 1937க்கும் 1940க்கும் இடையில் எழுப்பியது. அதாவது, க்னோசஸின் தூண்களைவிட வயதில் இளையது! இத்தாலியர் கட்டினால் இடைக்காலம், எவன்ஸ் கட்டினால் சிமெண்ட் அரங்கா? உறைந்து நின்றது இடைக்காலமா, இவருடைய அறிவா என்று அன்றே கேட்டிருப்பேன், மரியாதைக்காக விட்டேன்.

பழஞ்சுவடி எழுதியது:

ரோட்ஸ் பற்றிய அந்தக் கட்டுரையில் நான் எழுதியது மாவீரர் வீதியைக் குறித்தது. அரண்மனை அந்த வீதியின் கடைசியில் இருப்பதால் ஆழிவாசலுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. தவிர, ரோட்ஸ் இந்த இழையின் பொருளே அன்று. கிரீட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லாதவர் வேறு தீவுக்குக் கப்பல் ஏறுகிறார்.

கிரீட்டைப் பற்றி அவர் எவ்வளவு அறிவார் என்பதற்கு ஒரு சான்று போதும்: வழிப்போக்கனுக்கு அவர் தந்த திட்டத்தில் தீவின் மேற்கில் உள்ள நகரத்தைச் 'சானியா' என்று எழுதியிருக்கிறார். அது ஹானியா. ஆங்கில எழுத்தைப் பார்த்து வாயில் வந்தபடி எழுதுபவர் எனக்கு மினோவரைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

ஆழிவாசல் எழுதியது:

ஹானியாவும் சரியன்று, கிரேக்கர் வாயில் அது 'ஹன்யா' என்றே ஒலிக்கிறது. திருத்த வருபவர் முதலில் தம்மைத் திருத்திக்கொண்டு வரட்டும். மாவீரர் வீதியும் இத்தாலியர் கைபட்டுச் சீரமைக்கப்பட்டதே என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

நெய்தல் எழுதியது:

ஹானியா என்றதும் நினைவுக்கு வருகிறது: 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆறு மினோவன் அரண்மனை மையங்களைச் சேர்த்தது. க்னோசஸ், ஃபைஸ்டோஸ், மாலியா, சாக்ரோஸ், சோமிந்தோஸ் ஆகியவற்றோடு, ஹானியாவின் பழைய நகரத்துக்குள் புதைந்து கிடக்கும் கிடோனியாவும் அதில் ஒன்று. உலகப் பாரம்பரியம் என்று ஏற்கப்பட்ட இடத்தைப் பழஞ்சுவடி அரங்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று வழிப்போக்கனே முடிவு செய்யட்டும்.

பழஞ்சுவடி எழுதியது:

பட்டியலில் சேர்ந்தால் கான்கிரீட் மரமாகிவிடுமா? நெய்தல் சொன்ன அதே பட்டியலில் ஃபைஸ்டோஸும் இருக்கிறது என்பதை அவரே எழுதிவிட்டு மறந்துவிட்டார்.

ஃபைஸ்டோஸை ஏன் சொன்னேன் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை, கேட்காமலே சொல்கிறேன். ஹெராக்லியோனிலிருந்து தெற்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். மெசாரா சமவெளிக்கு மேலே ஒரு குன்றின் நெற்றியில் அரண்மனை. வடக்கே நிமிர்ந்தால் பிசிலோரிடிஸ் மலை. 1900இல் இத்தாலிய அறிஞர்கள் ஹால்பெரும் பெர்னியரும் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். எவன்ஸைப் போல மாடி கட்டவில்லை. அகன்ற படிகளும், நடு முற்றமும், இடுப்பளவுச் சுவர்களுமாக விட்டுவைத்தார்கள். அங்கே நின்றால், மீதியை மனத்தால் கட்டிக்கொள்ள வேண்டும். 1908இல் புகழ்பெற்ற களிமண் வட்டு கிடைத்தது அங்கேதான். இருபுறமும் சுருள் சுருளாக முத்திரைக் குறிகள் பதித்த அந்த வட்டை இன்றுவரை யாரும் படித்துக் காட்டவில்லை.

போகும் வழியிலேயே கோர்டின். ரோமானியர் காலத்தில் கிரீட்டின் தலைநகர். அங்கே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சட்டங்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. மணவிலக்கு, வாரிசுரிமை, அடிமைகள் பற்றிய விதிகள். ஒரு வரி வலமிருந்து இடமாகவும் அடுத்த வரி இடமிருந்து வலமாகவும், உழவு மாடு சால் திரும்புவதைப் போலத் திரும்பித் திரும்பிச் செல்லும் எழுத்து. கல்லும் பழையது, எழுத்தும் பழையது. யாரும் சிவப்புச் சாயம் பூசவில்லை. கோர்டின், ஃபைஸ்டோஸ், அருகிலேயே ஹாகியா ட்ரியாடா என்று ஒரு முழு நாளை நிறைவாகக் கழிக்கலாம். இதை விட்டுவிட்டு, க்னோசஸின் வரிசையில் வெயிலில் நின்று, கான்கிரீட் தூணைப் படம் எடுத்துக்கொண்டு வருவது அவரவர் தலையெழுத்து.

கார்முகில் எழுதியது:

வட்டு கிடைத்தது ஃபைஸ்டோஸில் என்றாலும், இருப்பது ஹெராக்லியோன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில். அங்கேதான் காளை தாண்டும் ஓவியம், பாம்பேந்திய பெண் உருவங்கள், ஹாகியா ட்ரியாடாவின் வண்ணமிட்ட கல்லறைப் பெட்டி, மாலியாவின் தேனீப் பதக்கம் எல்லாம் இருக்கின்றன. எனவே ஃபைஸ்டோஸோ க்னோசஸோ, அருங்காட்சியகத்தை விட்டால் இரண்டும் அரைகுறைதான். க்னோசஸ் நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். நகரப் பேருந்திலேயே போகலாம். அதற்கு ஏன் இவ்வளவு போர் என்று எனக்கு விளங்கவில்லை.

நெய்தல் எழுதியது:

க்னோசஸில் கிடைத்த களிமண் பலகைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அரண்மனையை அழித்த தீயே அவற்றைச் சுட்டு இறுக்கிக் காப்பாற்றியது. அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்து, அது பழங்கிரேக்கம் என்று நிறுவினார். தூண் ஒன்றைக் காட்டு என்று கேட்பவர், படிக்கக் கூடிய ஆவணக் கிடங்கு ஒன்று அங்கே கிடைத்ததைப் பொருட்படுத்தவில்லை. ஃபைஸ்டோஸின் வட்டு யாராலும் படிக்க முடியாதது என்பதால் அவருக்குப் பிடித்திருக்கிறது போலும். யாரும் தவறென்று சொல்ல வழியில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

பலகைகளின் காலத்தைப் பற்றியும் எவன்ஸின் குறிப்புகளை வைத்து நீண்ட சர்ச்சை நடந்தது என்பதை நெய்தல் படித்திருக்க மாட்டார். ஆனால் அது வேறு கதை. பலகை தூணாகாது.

ஆழிவாசல் எழுதியது:

இவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தூண்தான் தம்மை விடமாட்டேன் என்கிறது என்று கூவுகிறார். இருக்கை அசலா இல்லையா என்ற என் முதல் கேள்விக்கு இதுவரை பதிலே இல்லை.

பழஞ்சுவடி எழுதியது:

இருக்கை அசல். அதற்குப் பின்னால் உள்ள கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஓவியம் புதிது. அந்த அறைக்கு மேலே எழுப்பிய மாடி புதிது. உங்களை உள்ளே போக விடாமல், முன்னறையில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு நகரச் சொல்வார்கள். அரை நிமிட இருக்கைக்காக அரை நாளா? இதற்கு விடை சொல்லாமல் தூணைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

ஆழிவாசல் எழுதியது:

தூணைப் பற்றிப் பேசியது நானா!

வழிப்போக்கன் எழுதியது:

எல்லோர் பதிலையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். நெய்தல் அவர்கள் விளக்கிய பெரும் படிக்கட்டையும், பழஞ்சுவடி அவர்கள் எழுதிய கோர்டின் எழுத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். அப்பாவுக்கு, 1903 முதல் 1957 வரை தொழுநோயாளர் குடியிருப்பாக இருந்ததாகப் படித்த ஸ்பினலோங்காவைப் பார்க்க ஆசை. முதல் நாள் காலை க்னோசஸ், மாலை அருங்காட்சியகம் என்றும், மறுநாள் ஃபைஸ்டோஸ் என்றும் வைத்திருக்கிறேன். அக்டோபரில் படகு ஓடுமா என்பதை மட்டும் யாராவது சொன்னால் மீதியையும் முடித்துவிடுவேன்.

பழஞ்சுவடி எழுதியது:

க்னோசஸுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்லது, உங்கள் பணம். பெரும் படிக்கட்டில் அம்மா இறங்க முடியாது, மேலிருந்து பார்க்கலாம். பார்க்கும்போது, அந்தப் படிகளின் ஓரமாக வரிசையாக நிற்கும் சிவப்புத் தூண்களில் மரம் எது என்று அங்குள்ள வழிகாட்டியிடம் கேட்டு, அவர் சொல்லும் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கே எழுதுங்கள். நெய்தலும் ஆழிவாசலும் அதைப் படிக்கட்டும்.

நெய்தல் எழுதியது:

வழிகாட்டியிடம் வாலைப் பற்றியும் கேளுங்கள்.