மண்பாண்டச் சூளையில் பாராங்குக்குப் பதம் ஏற்றலாமா?

குளுவாங்வாசி:
வணக்கம். ஆயர் ஹீத்தாமில் ஒரு மண்பாண்டக் கடையை மூடினார்கள், பழைய கரண்டு சூளை மலிவாகக் கிடைத்தது. மேல்மூடி திறக்கிற ரகம், 1,200 டிகிரி வரை போகுமாம். அக்கா அகல் விளக்கு சுடத்தான் வாங்கினார், என் கண்தான் வேறு பக்கம் போகிறது. லோரி ஸ்பிரிங் பட்டையை அறுத்துத் தேய்த்து ஒரு பாராங்கும் (மலாய் வெட்டுக்கத்தி), செம்பனைக் குலை வெட்ட ஓர் அரிவாளும் செய்து வைத்திருக்கிறேன், பதம் ஏற்றுவதுதான் பாக்கி. தாமான் (நெருக்கமான குடியிருப்பு) வீட்டில் கரி உலை மூட்டினால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள். சூளையில் பழுக்க வைத்து எண்ணெயில் முக்கினால் போதாதா? டிகிரி காட்டும் மீட்டர் கிடையாது, உள்ளே வைக்கும் சின்னக் கூம்பு வளைந்தால் தானாக நின்றுவிடும், அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:
தாராளமாகச் செய்யலாம் தம்பி, ஆனால் அந்தக் கூம்பை நம்பி இறங்காதீர்கள். அது மண்ணுக்கு வைத்தது. எவ்வளவு சூடு எவ்வளவு நேரம் பட்டது என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லும், வளைந்ததும் சூளை அணைந்துவிடும். இரும்புக்கோ ஒரே சூட்டில் பிடித்து வைக்க வேண்டும். லோரி பட்டை பெரும்பாலும் 5160 என்கிற ஸ்பிரிங் எஃகு, ஜப்பான் லோரி என்றால் எஸ்யுபி9 வகை எஃகு, இரண்டுக்கும் பதம் ஏற்ற சுமார் 830 டிகிரி. சூட்டை அளக்க ஒரு கே டைப் தெர்மோகப்பிளும், அந்தச் சூட்டிலேயே பிடித்து வைக்க ஒரு பிஐடி கண்ட்ரோலரும் வாங்கி மாட்டுங்கள். அது காட்டும் எண் சரிதானா என்று பார்க்கக் காந்தம் போதும், 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை விட்டுவிடும்.

அப்புறம், கத்தியைக் குளிர்ந்த சூளையில் வைத்து ஆன் செய்யாதீர்கள். செங்கல் சூடேற மணிக்கணக்கில் ஆகும், அத்தனை நேரமும் காற்றுப் பட்டு மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்து போகும், இரும்பு செதில் செதிலாக உதிர்ந்து சூளையைச் சூடேற்றும் கம்பிச் சுருளில் விழுந்து அதையும் கெடுக்கும், அக்காவின் விளக்கிலும் கறுப்புப் புள்ளி விழும். கரித்துண்டு போட்டால் செதில் வராது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சுருளுக்கு நல்லதில்லை. வெறும் சூளையை முதலில் 830-க்கு ஏற்றி, பிறகு கத்தியை இறக்கி, அதன் நிறமும் சுவரின் நிறமும் ஒன்றானதும் பத்து நிமிடம் விடுங்கள். படுக்க வைத்தால் தன் எடையிலேயே வளையும், முதுகுப் பக்கம் கீழே இருக்க நிமிர்த்தி வையுங்கள். கூர்ப்பக்கத்தை இப்போதே மெல்லிசாக்க வேண்டாம், ஒன்றரை மில்லி தடிமன் இருக்கட்டும், கெட்டுப்போன தோலைப் பிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கு எங்கும் அலைய வேண்டாம், சமையல் செம்பனை எண்ணெயே போதும், 50 அல்லது 60 டிகிரிக்குச் சூடாக்கி உயரமான இரும்பு டின்னில் ஊற்றுங்கள். முனை முதலில், நேராக. பக்கவாட்டில் ஆட்டினால் கோணிக்கொள்ளும். இந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கீறல் விட்டுவிடும். டின்னுக்கு ஓர் இரும்பு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வயர்மேன்_ஜொகூர்:
எல்லாம் சரி, கரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. சூளை ஓடும்போது அந்தச் சுருளில் 240 வோல்ட் நிற்கிறது, இரும்பு இடுக்கி அதில் பட்டால் ஆளைக் கொன்றுவிடும். மண்பாண்டம் சுடுகிறவர்கள் ஆறிய பிறகுதான் திறப்பார்கள், நீங்கள் பழுத்த நிலையில் திறக்கப் போகிறீர்கள். குமிழைத் திருப்பி அணைத்தால் போதாது, பழைய சூளையில் அது ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கலாம். ஐசொலேட்டரை (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும், மூடி தூக்கினாலே கரண்டு நிற்கிற மாதிரி லிமிட் சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள். 13 ஆம்பியர் பிளக் 3 கிலோவாட்தான் தாங்கும், சூளையின் தகட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதற்கு மேல் இருந்தால் தனி லைன் இழுக்காமல் ஓட்டவே கூடாது. இன்னொன்று, மூடியைத் திறந்ததும் அனல் நேரே முகத்துக்கு வரும். நைலான் பனியனோடு பக்கத்தில் போய் நிற்காதீர்கள்.

குளுவாங்வாசி:
நன்றி அண்ணே, நல்ல வேளை கேட்டேன். டெம்பரும் (முக்கியபின் ஒடியாமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது) அதே சூளையில் வைத்துவிடலாமா? அரிவாளுக்கு எவ்வளவு கடினம் வேண்டும்?

பட்டறைக்காரன்:
சூளை வேண்டாம். 830-லிருந்து 200-க்கு இறங்க அது பாதி ராத்திரி எடுத்துக்கொள்ளும், எண்ணெயில் முக்கி எடுத்த கத்தியை அவ்வளவு நேரம் சும்மா வைத்தால் தானாகவே வெடிப்பு விடலாம். கேக் சுடும் அடுப்பு (அவன்) இருந்தால் போதும், கத்தி கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்து, ஆறவிட்டு, இன்னொரு முறை. அதற்கு முன்னால் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள், வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறிவிட்டது. அரம் கடித்தால் உடனே மனம் விடாதீர்கள், மேல்தோல் மட்டும் மிருதுவாக இருக்கலாம், அதே இடத்தில் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்து மறுபடி பாருங்கள்.

தோட்டத்து_ஆள்:
அரிவாளை ரொம்பக் கடினமாக்கிவிடாதீர்கள். குலை வெட்டுகிறவர் மரத்தடியிலேயே அரத்தாலும் கல்லாலும் தீட்டுவார், அரம் கடிக்காவிட்டால் அந்த அரிவாளை வைத்து என்ன செய்வது? நீளக் கம்பத்தின் நுனியில் மட்டையில் மாட்டி முறுக்கும்போது முனை ஒடிந்து தலைக்கு மேல் விழும், அது வேறு. பாராங்குக்கு டெம்பர் 230 டிகிரி வைத்தால், அரிவாளுக்கு 300-க்கு மேலே போங்கள், நீல நிறமும் தாண்டட்டும்.

பட்டறைக்காரன்:
ஒத்துக்கொள்கிறேன், வீட்டு அவன் அவ்வளவு ஏறாது, அரிவாளுக்கு மட்டும் முதுகுப் பக்கமிருந்து கேஸ் டார்ச் காட்டிக்கொள்ளுங்கள். தம்பி, பட்டையில் மிச்சத் துண்டு இருந்தால் அதை முதலில் அதே சூட்டில் முக்கி, டெம்பர் வைக்காமல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வைஸில் (பிடிப்பு இடுக்கியில்) பிடித்து ஒடித்துப் பாருங்கள். முறிவு மங்கிய சாம்பல் நிறமாக நெருக்கமாக இருந்தால் கத்தியை இறக்கலாம். சீனி மாதிரி மினுமினுத்தால் சூடு அதிகம், 20 டிகிரி குறைத்து இன்னொரு துண்டு ஒடியுங்கள். பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.