பழைய பாய்மர மாதிரிப் படகில் ரேடியோ கட்டுப்பாடு பொருத்தியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேவனாம்பட்டினத்தான்:
மூன்று மாதமாகிறது, இன்னும் மனத்தைவிட்டு இறங்கவில்லை. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய மார்பிள்ஹெட் வகைப் பந்தய மாதிரிப் படகு. 50 அங்குல உடல், 800 சதுர அங்குலப் பாய். சுக்கான் தண்டின் தலையில் பிரெய்ன் கால்வட்டம், அதாவது காற்றுக்கேற்பச் சுக்கானைத் தானே திருப்பும் கால்வட்டத் தகடு, பித்தளையில் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு சுக்கானைத் திருப்ப ஒரு சர்வோ மோட்டார், பாய்க் கயிற்றைச் சுற்றி இழுக்க ஒரு வின்ச் வைத்தேன். எடை தாழ்ந்திருக்கட்டும் என்று ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவரையும், படகை நிமிர்த்தி வைக்கும் ஈய எடைக்கு மேலே, உடலின் அடியிலேயே ஒட்டினேன்.

காலை ஆறரை மணி, கெடிலம் கழிமுகம், மெல்லிய பக்கக் காற்று. கொஞ்ச தூரம் போனதும் படகு என் சொல் கேட்கவில்லை. கையிலிருந்த ரிமோட்டின் குச்சியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளினேன், அசையவில்லை. ஆனால் படகு தடுமாறவும் இல்லை! காற்று ஓங்கினால் சற்றுச் சாயும், பிறகு நிமிரும், மறுபடி அதே கோடு. முகத்துவாரத்தை நோக்கி. வலை அலசிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். “தம்பி, சுக்கான் பிடிக்க ஆள் இல்லாமலே இப்படிப் போகிறதே, யார் கை செய்த படகு?” என்றார். அவரே தம் படகில் விரட்டிப் போய்த் தூக்கி வந்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வைசியாள் வீதி:
கால்வட்டத்தைக் கழற்றியதே தவறு. பெரிய பாயின் கயிறு அந்தக் கால்வட்டத்தை இழுக்கும்; காற்று ஓங்கினால் சுக்கான் தானே திரும்பும்; ஓய்ந்தால் ரப்பர் அதை நடுவுக்குக் கொண்டுவரும். கரையிலிருந்து யாரும் தொடாமல் ஓடுவதற்கென்றே செய்த படகு அது. நானும் ஒருமுறை மேல்தளத்தில் துளை போட்டேன். துரப்பணம் இறங்கியதும் பலகை பின்முனை வரை பிளந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போது எல்லாவற்றையும் ஒரு தட்டில் பொருத்தி, இருக்கிற மூடி வழியாகவே இறக்குகிறேன். ஓர் ஆணிகூட அடிப்பதில்லை.

அரியாங்குப்பத்து மகள்:
வைசியாள் வீதி அண்ணா, கால்வட்டம் இருந்திருந்தாலும் அன்று படகு திரும்பி வந்திருக்காது. நம் ரிமோட் அனுப்பும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், உப்புத் தண்ணீர் இன்னும் மோசம். ரிசீவரின் ஆன்டெனா நுனி நீர்மட்டத்துக்கு மேலே, தளத்தின் அடியை ஒட்டி இருக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் பாய் முழுவதும் தளர்ந்துவிடும்படி, ரிசீவரின் ஃபெயில்சேஃப் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை அமைத்துவிடுங்கள். படகு ஓடாமல் நிற்கும். பேட்டரி, வின்ச் எல்லாவற்றையும் தராசில் வையுங்கள். படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, பழைய நீர்க்கோட்டைத் தாண்டி அமிழ்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஈயத்தைத் தொட வேண்டும். கழிமுகத்தில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மூடியைத் திறந்தே காயவையுங்கள்.

என் கதை சிறியது. சுண்ணாம்பாற்றில் வின்ச் கயிறு தளர்ந்து டிரம்மைவிட்டு நழுவி, அச்சில் சுற்றிக்கொண்டது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகை மார்போடு அணைத்து நடந்துவந்தார். அன்று முதல் தளத்தின் அடியில் ஒரு மெல்லிய எலாஸ்டிக் கட்டியிருக்கிறோம். கயிறு எப்போதும் விறைப்பாகவே இருக்கிறது.