கிரெடிட் கார்டு வேண்டாம்னாலும் விடாத ஆட்கள்: வேலூர்ப் பக்கம் பார்த்தது, கேட்டது (தலைப்பில் இருப்பது சொன்னவரின் ஊர்)

தோட்டப்பாளையம்

பேங்க்ல நகைக்கடன் திருப்பி வைக்கிற நாளாப் பார்த்துத்தான் கார்டு விக்கிறவங்க பிடிக்கிறாங்க. நகை உள்ளே இருக்கு, நகையை மதிப்புப் போடற அப்ரைசர் இன்னும் வரலை, டோக்கன் கையில. எழுந்து போக முடியாத நேரம். டை கட்டின பையன் பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கினு, "அக்கா, உங்க பேருக்கு கார்டு ப்ரீ-அப்ரூவ்டு ஆகியிருக்கு, லைஃப்டைம் ஃப்ரீ, ஒரே ஒரு ஓடிபி சொல்லுங்க போதும்" என்பான். கார்டு எடுத்தா நகை வேலை சீக்கிரம் முடியும்னு ஜாடையா வேற. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. நகைக்கடனுக்கு நகையோட எடை, தரம், கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று), கையெழுத்து, இதுதான் முக்கியமா வேணும்.

"கார்டு எடுக்கலைன்னா கடன் கிடையாதுன்னு இந்தச் சீட்டுல எழுதி, சீல் போட்டுக் குடுப்பா" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நிற்கும். எழுதித் தர எந்த மேனேஜரும் முன்வர மாட்டார். யோசிச்சுச் சொல்றேன், வீட்ல கேட்டுச் சொல்றேன் என்கிற பதிலை மட்டும் குடுக்காதீங்க. அது அவங்க நோட்டுல "ஃபாலோ-அப்" என்று ஏறிவிடும், அடுத்த வாரம் முழுக்க போன் வரும். "வேணாம், என் நம்பரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க", அவ்வளவுதான்.

முன்னாள் கிளை ஊழியர், சத்துவாச்சாரி

அந்தப் பையனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கிளையில் நிற்கிற பல பேர் வங்கி ஊழியரே கிடையாது, ஏஜென்சி ஆள். கழுத்தில் தொங்குகிற அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஏஜென்சி பெயர் அதிலேயே இருக்கும். மாதக் கடைசி வாரம் நெருக்கடி அதிகம், இலக்கு முடியவில்லை என்றால் அவன் பாடு திண்டாட்டம். அதனால் அவன் பேச்சை விட்டுவிட்டு, கை எதைக் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கேட்பது பெரும்பாலும் இந்த வரிசையில் வரும். முதல் ஓடிபி மொபைல் எண்ணைச் சரிபார்க்கவும் சிபில் (உங்கள் கடன் அறிக்கை) பார்க்கச் சம்மதம் வாங்கவும். அடுத்தது ஆதார் ஓடிபி. அப்புறம் விண்ணப்பத்துக்கே சம்மதம். கடைசியில் பான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோ கேஒய்சி. "தகுதி மட்டும் செக் பண்றேன்" என்று சொல்லித்தான் முதல் ஓடிபியை வாங்குவார்கள். விண்ணப்பம் பதிவாகிவிட்டால் கார்டு வந்தாலும் வராவிட்டாலும் அந்த விசாரணை உங்கள் கடன் அறிக்கையில் சுமார் இரண்டு வருடம் தெரியும். ஒரே மாதத்தில் நாலு இடத்தில் "செக்" பண்ணியவருக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது கேள்வி வரும். ஓடிபி மெசேஜிலேயே எதற்கான எண் என்று எழுதியிருக்கும். எண்ணைப் படிப்பதற்கு முன் அந்த வரியைப் படியுங்கள்.

உண்மையிலேயே கார்டு வேண்டும் என்பவர்கள் டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பி வாங்கிப் பார்க்க வேண்டிய கட்டங்கள் மூன்று: சம்பளம், இமெயில், முகவரி. அவசரத்தில் ஏஜென்ட் தன் இமெயிலையோ ஏதோ ஒரு கற்பனை இமெயிலையோ அடித்துவிடுவது சகஜம். ஸ்டேட்மென்ட் அங்கே போகும், உங்களுக்கு வராது, முதல் பில்லே தவறும், தாமதக் கட்டணம் விழும். சம்பளத்தைக் கூட்டிப் போட்டிருந்தால் பொய்த் தகவல் கொடுத்தவர் நீங்கள்தான், ஏஜென்ட் இல்லை.

"லைஃப்டைம் ஃப்ரீ" என்றால் சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் இரண்டுமே பூஜ்ஜியமா என்று கேளுங்கள். முதல் வருடம் மட்டும் இலவசம், அப்புறம் வருடத்துக்கு இவ்வளவு செலவு செய்தால்தான் கட்டணம் தள்ளுபடி என்பதையும் இதே பெயரில் விற்கிறார்கள். விண்ணப்பத்தோடு ஒரு பக்கத்தில் முக்கிய விவரத் தாள் கொடுத்தாக வேண்டும், ரிசர்வ் வங்கி விதி. வட்டி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அதைக் கேட்டதும் முகம் மாறினால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இன்னொரு வார்த்தை "மினிமம் கட்டினா போதும்". 20,000 ரூபாய் பில், குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று 1,000 கட்டுகிறீர்கள். மீதி 19,000. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 665, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120. ஆக கட்டிய ஆயிரத்தில் 785 ரூபாய் வட்டிக்கே சரி. வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்து ஓடும். வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் போய்விடுவதால் அடுத்து வாங்குகிற பாலுக்கும் பெட்ரோலுக்கும் அன்றிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டி, தனிக் கட்டணமும் உண்டு. சிஎம்சி ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட அவசரம் என்று இப்படிப் பணம் எடுப்பவர்கள் அதிகம். கவுண்டரில் கார்டையே தேய்க்க முடியுமானால் ஏடிஎம் பக்கம் போகாதீர்கள்.

ஆம்பூர்

தோல் கம்பெனி, ஷூ கம்பெனிங்கள்ல சம்பளக் கணக்கு திறக்க கேம்ப் போடுவாங்க. சாப்பாட்டு நேரத்துல மொத்தமா உட்கார வெச்சு பத்து இடத்துல கையெழுத்து. அந்தக் கட்டுலயே கார்டுக்கும் இன்சூரன்ஸுக்கும் டிக் போட்ட தாள் நடுவுல சொருகி இருக்கும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளோட தலைப்பையும் செல்லுல படம் எடுத்துக்குங்க. வேண்டாத தாள்ல குறுக்கே கோடு. சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

அப்படியும் கார்டு வீட்டுக்கு வந்துட்டா பதற வேணாம். ரிசர்வ் வங்கி 2022-ல கொண்டு வந்த கார்டு விதி இருக்கு. கேட்காத கார்டு குடுக்கக் கூடாது, தெளிவான சம்மதம் வேணும். சம்மதம் இல்லாம ஆக்டிவேட் பண்ணி பில் போட்டா அந்தத் தொகையைத் திருப்பணும், அதுபோல ரெண்டு மடங்கு அபராதமும் உங்களுக்குத் தரணும். 30 நாள் ஆகியும் ஆக்டிவேட் ஆகலைன்னா ஓடிபி மூலமா சம்மதம் கேட்கணும். நீங்க சம்மதிக்கலைன்னா 7 வேலை நாள்ல காசு வாங்காம மூடணும். ஆக்டிவேட் ஆகறதுக்கு முன்னாடி அந்தக் கணக்கை சிபில் மாதிரி நிறுவனங்களுக்கு அனுப்பவும் கூடாது.

இதுலதான் குழி. "சார், கார்டு வேணாம்னீங்களே, கேன்சல் பண்ண ஓடிபி வரும், சொல்லுங்க"னு போன் வரும். மெசேஜைப் பார்த்தா ஆக்டிவேஷன் ஓடிபி. சொன்னா நீங்களே சம்மதிச்சதா ஆயிடும். போன்ல யார் கேட்டாலும் சொல்லாதீங்க. கவரைப் பிரிச்சாலும் பின் நம்பர் போடாதீங்க, ஆப்ல சேர்க்காதீங்க.

கம்மவான்பேட்டை

எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஓய்வூதியம். நவம்பர்ல உயிர்ச் சான்று குடுக்கப் போனா கூடவே கார்டும் பாலிசியும் நீட்டுவார்கள். 80 வயசு தாண்டினவங்க அக்டோபர்லயே குடுக்கலாம். ஜீவன் பிரமாண் முகம் காட்டுற ஆப்ல வீட்லேர்ந்தே முடியும், பேரப்பிள்ளைகிட்ட செல்லைக் குடுத்தா செய்துடுவான். கிளைக்குப் போனாத்தானே தொல்லை.

"எஃப்டி (நிரந்தர டெபாசிட்) மாதிரிதான், வட்டி ஜாஸ்தி" என்று ஒண்ணை விப்பாங்க. ரசீதுல "பிரீமியம்"னு இருந்தா அது இன்சூரன்ஸ். பாலிசி கைக்கு வந்து 30 நாளைக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்தா ஸ்டாம்ப் செலவு மாதிரி சில்லறைப் பிடித்தம் போக மீதி திரும்பும். எஃப்டியைக் காட்டி கார்டு தர்றாங்களே, அது தப்பில்லை. ஆனா கார்டு இருக்கிற வரைக்கும் அந்த எஃப்டியை உடைக்க முடியாது. வைத்தியத்துக்குன்னு வெச்சிருக்கிற டெபாசிட்டை அதுல மாட்டாதீங்க.

காட்பாடி

போன் தொல்லைக்கு: பிளாக் (BLOCK) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 1 போட்டு 1909-க்கு அனுப்பினால் வங்கி, காப்பீடு, கிரெடிட் கார்டு விளம்பரம் மட்டும் தடை. ஃபுல்லி பிளாக் (FULLY BLOCK) என்று அனுப்பினால் எல்லாமே தடை. விளம்பர அழைப்பு 140-ல் தொடங்க வேண்டும், வங்கியின் சேவை அழைப்புக்கு 1600 வரிசை. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கார்டு விற்றால் அதுவே விதிமீறல், 7 நாளைக்குள் 1909-ல் புகார் போடலாம். கார்டு விற்கிற ஆட்கள் காலை 10-லிருந்து மாலை 7 வரைதான் கூப்பிடணும்.

தடை போட்ட பிறகும் சொந்த வங்கியே கூப்பிடுகிறது என்றால், கணக்கு திறந்தபோது கொடுத்த சம்மதம் உயிரோடு இருக்கிறது. ஆப்பில் விளம்பர விருப்பம் என்ற பகுதியில் அணைக்க வேண்டும், இல்லை என்றால் கிளையில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

முன்னாள் கிளை ஊழியர், சத்துவாச்சாரி

கார்டுக் கணக்கை மூடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. கார்டை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு மூடாது, ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் அதில் ஓடுகிற ஆட்டோ-டெபிட்களை (மாதாமாதம் தானாகப் பிடிக்கிற தொகைகளை) மாற்றுங்கள், பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டுங்கள், பிறகு வங்கியின் ஆப்பிலோ இமெயிலிலோ மூடச் சொல்லி, கோரிக்கை எண் வாங்குங்கள். "கிளைக்கு நேரில் வாங்க, தபாலில் அனுப்புங்க" என்று இழுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. 7 வேலை நாளில் மூட வேண்டும். பாக்கி இல்லாமலும் தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. ஒன்றரை மாதம் கழித்து கடன் அறிக்கையில் "க்ளோஸ்டு" என்று வந்திருக்கிறதா பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கிலும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசம்.

புகார் என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில். தேதி, நேரம், வந்த எண், அட்டையிலிருந்த பெயர், விண்ணப்ப எண், இவை போதும். கோபத்தை நாலு பக்கம் எழுதினால் படிக்கிறவர் விஷயத்தைத் தேட வேண்டியிருக்கும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு). கட்டணம் கிடையாது, இணையத்திலேயே போடலாம், சந்தேகத்துக்கு 14448. இணையம் வராதவர்கள் சண்டிகர் செக்டார் 17-ல் இருக்கும் ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். வங்கிக்கு முதலில் எழுதிய கடிதத்தின் நகலை இணைக்காமல் அனுப்பினால் நிராகரிக்கப்படலாம்.