எயர் பிடித்த லொறிக்கு ஒரு சொல் வேண்டும்

உப்புவெளி:
அன்பர்களே, தொழிற்பயிற்சிக் கையேட்டின் மூன்றாம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓடிக்கொண்டிருந்த டீசல் லொறி திடீரென நின்று, திரும்ப ஸ்டார்ட் ஆக மறுப்பது பற்றியது. போன வாரம் கிண்ணியாப் பாலத்தின் நடுவில் எனக்கே நடந்தது. ஸ்டார்ட்டர் எஞ்சினை நன்றாகவே சுற்றியது, ஆகவே பற்றரியில் பிழையில்லை. டீசலை வடிகட்டும் பில்டரின் தலையிலுள்ள திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பியை அமுக்கினேன். சவர்க்கார நுரை மாதிரிப் பொங்கியது. எங்கோ ஒரு குழாய் மூட்டு காற்றை உறிஞ்சியிருக்கிறது. நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை அமுக்கி, திருகாணியை இறுக்கியதும் எஞ்சின் பிடித்தது. கராஜில் இதை 'எயர் பிடிச்சிட்டு' என்பார்கள். கையேட்டில் 'வளித்தடை' என்று போட்டிருக்கிறேன். சரியா?

தம்பலகாமம்:
வேண்டாம் சேர். பௌதிகவியலில் வளித்தடை என்பது ஓடும் பொருளைக் காற்று எதிர்ப்பது. போதாததற்கு, எயர் பிரேக் உள்ள லொறியில் 'தடை' என்றால் பையன் பிரேக்கைத்தான் போய்த் தடவுவான். 'வளியடைப்பு' என்போம்.

மூதூர்:
வளி என்றதும் புறநானூறு 66 வந்து நிற்கிறது: 'வளிதொழில் ஆண்ட உரவோன்'. அவன் காற்றை வேலை வாங்கிக் கப்பல் ஓட்டினான். நம்மைக் காற்று வேலை வாங்குகிறது. வளைந்து வீசுவதால் வளி என்பது என் கட்சி. 'வளை', 'வளாகம்', 'வளையல்' எல்லாம் ஒரே வேர்தான், விரிவாகத் தனியே எழுதுகிறேன். வள்ளுவரும் 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வளியை முதலில் வைத்துத்தான் சொன்னார். ஆகவே 'வளிநோய்'.

நிலாவெளி:
அண்ணே, வளிநோய் என்றால் பிள்ளைகள் வலிநோய் என்று வாசித்துத் தைலம் தேடுவார்கள். வளியடைப்பும் பிழை. கைப்பம்பியை அமுக்கியும் ஒன்றுமே வராவிட்டால்தான் அடைப்பு. அப்போது வடிகட்டியையும் குழாயையும் தாங்கி மூடியின் காற்றுத் துளையையும் பார்க்க வேண்டும். நுரை வந்தால் வேறு கதை, மூட்டுகளைத் தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் பையன் பிழையான இடத்தைக் கழற்றுவான். 'காற்றுப்பிடிப்பு' போடுங்கள். வாயுப்பிடிப்பு வராத வீடு உண்டா?

தம்பலகாமம்:
அடைப்பது காற்றேதான். பம்பி எவ்வளவு அழுத்தினாலும் காற்று சுருங்கிக்கொடுக்கும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறாது. வளியால் அடைப்பு, மூன்றாம் வேற்றுமைத் தொகை. அப்புறம், கையேட்டில் 'எரிபொருள் தாங்கி' என்று இருக்கிறது. எரிபொருட்டாங்கி என்றுதான் புணரும்.

சீனக்குடா:
பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எரிபொருட்டாங்கி என்று ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. 'எயர் பிடித்தல்' என்றே போட்டால் என்ன? பாலத்தில் நிற்கிறவனுக்குப் பின்னால் எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறார்கள், அவன் தொகையா விரிக்கப்போகிறான்? தமிழ்தான் வேண்டுமென்றால் நிலாவெளி சொன்னது பரவாயில்லை.

உப்புவெளி:
நாளைக்கு வெள்ளி. நுரை வந்தால் 'காற்றுப்பிடிப்பு', ஒன்றும் வராவிட்டால் 'அடைப்பு' என்று எழுதிவிட்டேன். எரிபொருள் தாங்கியில் கை வைக்கவில்லை.

மூதூர்:
அச்சாகட்டும் தம்பி. என் பிரதியில் பேனையால் 'வளிநோய்' என்று திருத்திக்கொள்கிறேன்.