சராசரி ஆயுள் 35 என்றால் எல்லோரும் 35-இல் இறந்தார்களா?

கேள்வி: அந்தக் காலத்துச் சராசரி ஆயுள் 35 என்று படிக்கும்போதெல்லாம் குழப்பமாக இருக்கிறது. அப்படியென்றால் 60 வயதுக்காரரைப் பார்ப்பதே அபூர்வமா?

பதில் 1: இல்லவே இல்லை. பிறந்தவர்களில் பாதிப் பேர் கைக்குழந்தையாகவே இறந்து, மீதிப் பேர் 70 வரை வாழ்ந்தாலும் சராசரி 35 பக்கம்தான் வரும். அந்த எண்ணுக்குள் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

பதில் 2: சரிதான், ஆனால் பெரியவர்களும் இன்றைவிட அதிகமாகவே இறந்தார்கள். வளர்ந்தவர்களின் இறப்பு வாய்ப்பு வயதோடு பெருகிக்கொண்டே போகிறது என்று 1825-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் காட்டினார். இன்றைய கணக்கில் சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு.

கேட்டவர்: அப்புறம், மனித ஆயுளுக்கு உச்சவரம்பு?

பதில் 2: அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. 1997-இல் இறந்த பிரான்சின் ழான் கால்மான் 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்தார், அந்தப் பதிவை இன்னும் யாரும் தாண்டவில்லை.