துணைப் பாத்திரங்கள் தட்டையாக இருப்பது குறையா? கதைப்பின்னல் எங்கிருந்து பிறக்கிறது?

தோப்புக்காரி (கொழிஞ்சாம்பாறை) கேட்டது:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய ஒரு தென்னந்தோப்பைக் களமாக வைத்துக் குறுநாவல் ஒன்று எழுதி வருகிறேன். கணவர் உயிரோடு இருந்தவரை கள் இறக்க மரம் கொடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்த குடும்பத்தில், அவர் மறைந்த பின் மனைவி தோப்பைக் கள் ஒப்பந்தக்காரருக்குக் குத்தகைக்கு விடுகிறாள். எல்லைக்கு அப்பால், 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கும் தமிழ்நாட்டில் வாழும் அவளுடைய அண்ணனுக்கு இது குடும்ப மானத்தைத் தொடும் செய்தியாகிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் படித்துக் காட்டியபோது இரண்டு குறைகள் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர், அண்ணன், எக்சைஸ் அதிகாரி ஆகிய மூவரும் ஒரே குணத்தோடு மாறாமல் நிற்கும் தட்டையான பாத்திரங்கள் என்பது ஒன்று. நிகழ்ச்சிகள் வரிசையாக வருகின்றனவே தவிரக் கதைப்பின்னல் இல்லை என்பது மற்றொன்று. மூவருக்கும் முன்கதை எழுதிச் சேர்த்ததில் பக்கங்கள்தாம் கூடின. எல்லாரையும் முழுமையாக்கத்தான் வேண்டுமா? பின்னலை வகுத்துக்கொண்டு ஆட்களைப் பொருத்துவதா, ஆட்களை நடமாட விட்டுப் பின்னலைக் கண்டெடுப்பதா?

குமுளிவாசி:

தட்டை, முழுமை என்ற பாகுபாட்டை ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜ் விரிவுரைகளில் முன்வைத்தபோது, தட்டையான பாத்திரத்தை அவர் இழிவாகப் பேசவில்லை. அத்தகையவர்களை வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வார், நெடுநாள் நினைவிலும் வைத்திருப்பார் என்று அவர்களுடைய பயனையும் சேர்த்தே சொன்னார். அதை வசைச்சொல்லாக்கியது நம் வாசகர் வட்டங்கள்தாம்.

எங்கள் ஊருக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டம் இருப்பதால் சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். நுண்வினைக் கொல்லர் நூறு பேர் பின்தொடர, சட்டை அணிந்து, கையில் குறடு பிடித்து வருகிறான் பொற்கொல்லன். அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடியவன் அவன். கோவலன் விற்க வந்த சிலம்பைக் கண்டதும் பழியை இவன்மேல் போட்டுவிடலாம் என்று நினைக்கிறான். அவனைப் பற்றி நமக்குத் தெரிவது ஏறக்குறைய இவ்வளவுதான்; பெயர்கூட இல்லை. அவனுக்கு ஒரு வறுமையும் நோயாளித் தாயும் கொடுத்து இளங்கோ விரித்திருந்தால், நம் கவனம் அரசனை விட்டு விலகிப் போயிருக்கும்.

பாண்டியனுக்கும் அதிக வரிகள் இல்லை. ஆனாலும் அவன் முழுமையான மனிதன். ஆடல்மகளிரை அவன் பார்த்து ரசித்ததில் ஊடல் கொண்ட தேவி தலைநோவைக் காரணம் காட்டி எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அவன் விரையும் வழியில்தான் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். விசாரிக்காமல் கொலைக்கு ஆணையிட்டவனின் அவசரம் கொடுங்கோலனின் அவசரம் அன்று, மனைவியின் ஊடலைத் தீர்க்கப் போகும் கணவனின் அவசரம். ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்று கண்ணகியிடம் நிமிர்ந்து பேசிய அதே வாய், சிலம்பிலிருந்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததும் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறது. நம்பும்படியாக நம்மை வியக்க வைக்க ஒரு பாத்திரத்தால் முடிகிறதா என்பதே முழுமைக்கு ஃபார்ஸ்டர் வைத்த சோதனை. பாண்டியனுக்கு அதில் தேற முன்கதை எதுவும் தேவைப்படவில்லை.

ஆகவே உங்கள் எக்சைஸ் அதிகாரியைத் தட்டையாகவே விட்டுவிடுங்கள்.

நகரித் தறிக்காரர்:

பாத்திரங்களைப் பற்றிக் குமுளி நண்பர் சொன்னது எனக்கும் உடன்பாடே. பின்னலை அவர் தொடாமல் விட்டுவிட்டார். ‘அரசர் இறந்தார், பிறகு அரசியும் இறந்தாள்’ என்பது கதை, ‘அந்தத் துயரத்தால் அரசியும் இறந்தாள்’ என்பது பின்னல் என்று சொன்னவரும் ஃபார்ஸ்டர்தான். உங்கள் அத்தியாயங்களுக்கு நடுவே ‘பிறகு’ மட்டுமே பொருந்துகிறதா, ‘அதனால்’ என்றும் போட முடிகிறதா என்று பார்த்தால் வாசகர் வட்டத்தின் குறை நியாயமானதா என்று தெரிந்துவிடும்.

பின்னல் என்றதும் பலரும் மோதலைத் தேடுகிறார்கள். 1863-இல் ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் நாடகத்துக்கு வகுத்த, ஏறி உச்சம் தொட்டு இறங்கும் ஐந்து கட்ட அமைப்பின் செல்வாக்கு அது. நம்மிடமும் ஐந்து உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதைக்கு எழுதிய உரையில் அடியார்க்குநல்லார் நாடகச் சந்திகளை, அதாவது கதை வளரும் கட்டங்களை, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று வகுத்து, அவற்றை நெற்பயிரைக் கொண்டு விளக்குகிறார்: உழுத நிலத்தில் இட்ட விதை முளைப்பது, அது இலைவிட்டு நாற்றாவது, உள்ளே பொருள் பொதிந்து சூல் கொள்வது, கதிர் முற்றி விளைவது, அறுத்துப் போரடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் உண்பது. இதில் யாரும் யாரோடும் மோதவில்லை. அண்ணன் அரிவாளோடு வந்து நின்றால்தான் பின்னல் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் குறுநாவலில் முளையும் நாற்றும் இருக்கின்றன, சூல் இல்லை. குத்தகை கையெழுத்தானதும் நேரே அண்ணனின் கோபத்துக்குப் போய்விடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இடையில் அவளுக்குள் வெளியே தெரியாமல் எது திரண்டு வருகிறது? முதல் தவணைப் பணத்தை அவள் என்ன செய்கிறாள்?

தோப்புக்காரி:

ஊகம் சரிதான். பணம் கைக்கு வந்ததாக ஒரு வரி மட்டுமே எழுதியிருக்கிறேன். கணவரின் மருத்துவச் செலவுக்காக அண்ணனிடம் கடன் வாங்கி, தோப்புப் பத்திரத்தை அவரிடம் கொடுத்து வைத்திருப்பதாக முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. மேற்கொண்டு அதை நான் பயன்படுத்தவில்லை.

தேவிகுளத்து ஆசிரியர்:

அம்மா, நீங்கள் தேடும் பின்னல் அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. கள் குத்தகையில் வந்த பணத்தை எடுத்துக்கொண்டு கடனை அடைக்க அவள் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். அவர் வாங்கிக்கொண்டால் கள்ளுப் பணம் அவர் வீட்டுக்குள் நுழைகிறது. மறுத்தால் கடனையும் விட வேண்டும், பத்திரத்தையும் கொடுக்க வேண்டும். அதுவரை மானம் என்ற ஒரே சுருதியில் பேசிவந்த மனிதர் அந்த நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதிலேயே முழுமையாகிவிடுவார். நிலை தலைகீழாவதும் உண்மை தெரியவருவதும் ஒரே நிகழ்ச்சியில் சேர்வதே சிறப்பு என்று அரிஸ்டாட்டில் சொன்ன அமைப்பும் உங்களுக்குக் கைகூடும். பின்னலா ஆட்களா, எது முதலில் என்று நீங்கள் கேட்டதற்கும் என் பதில் இதுதான்: ஒரே பொருளுக்கு இரண்டு பேர் வேறுவேறு மதிப்பு வைத்திருக்கும் இடத்தைப் பிடித்துவிட்டால், இரண்டும் சேர்ந்தே வரும்.

இன்னொன்று, நம் எல்லைப் பகுதிகளுக்கே உரியது. உங்கள் நாயகி ஒப்பந்தக்காரரிடம் மலையாளத்தில் கணக்குப் பேசி, மரமேறியிடம் தமிழில் வேலை சொல்லி, அதிகாரியிடம் இரண்டும் கலந்து பணிவாகப் பேசக்கூடியவள். ஆளுக்கேற்ப அவள் பேச்சு மாறுவதைக் காட்டினாலே, வருணனை இல்லாமல் அவள் உருவாகிவிடுவாள். ஒப்பந்தக்காரருக்கு ஒரே பேச்சு, ஒரே கணக்கு என்றே இருக்கட்டும். அவர் மாறாமல் நின்றால்தான் அவள் மாறுவது தெரியும்.

முன்கதை அத்தியாயங்களில் அண்ணனுடையதை முதலில் எடுத்துவிட்டு, கடனடைக்கும் காட்சியை எழுதி இங்கே பதிவிடுங்கள். அவர் பணத்தை எண்ணிப் பார்க்கிறாரா இல்லையா என்பதை மட்டும் தவறாமல் எழுதுங்கள்.