மிக்ஸிங் வால்வு: பைப் கொதிக்கிறது, தரை சில்லிட்டுக் கிடக்கிறது. அவசரம்!

நிலவறைவாசி: பேஸ்மென்ற் தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதித்துச் சூடாக்குகிற வீடு எங்களுடையது; இரண்டு நாளாகத் தரை சூடாகவில்லை. பாய்லரில் இருந்து வருகிற செம்புக் குழாயில் கை வைக்க முடியாது, மிக்ஸிங் வால்வைத் தாண்டினால் பச்சைத் தண்ணீர். குமிழை 3-இல் இருந்து 5-க்குத் திருப்பியும் ஒன்றுமில்லை. வெளியே மைனஸ் 18, பிள்ளைகள் கீழேதான் படுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

காற்றுப்பிடாரன்: லூப்பில், அதுதான் தரைக்குள் ஓடுகிற குழாய்ச் சுற்றில், காற்று அடைத்திருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். லூப்புகள் பிரிகிற மேனிஃபோல்டில் ஒவ்வொரு லூப்பாகக் காற்றை எடுத்துவிடுங்கள்.

மார்க்கம் மச்சான்: பாய்லர் எத்தனையில் இருக்கிறது? கண்டென்சிங்கா (புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுக்கிற வகை), பழசா? பம்ப் வால்வுக்கு முன்னாலா பின்னாலா? ஒன்றுமே சொல்லவில்லையே.

நிலவறைவாசி: பாய்லர் 160. பழசு. பம்ப் பின்னால், ஓடுகிறது.

புதுசு77: 160-ஆ? நீராவி எஞ்சினா ஓட்டுகிறீர்கள்?

பழைய பாய்லர்: ஃபாரன்ஹீட் ஐயா, ஃபாரன்ஹீட். 71 செல்சியஸ். இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தரைக்கு 35, 40 செல்சியஸ் தண்ணீர் போதும், 71-ஐ அப்படியே விட்டால் கால் வைக்க முடியாது. அதனால்தான் வால்வுக்கு மூன்று வாய்: ஒன்றில் பாய்லர் வெந்நீர், ஒன்றில் தரையைச் சுற்றித் திரும்பி வருகிற ஆறின தண்ணீர், மூன்றாவதில் கலந்தது வெளியே. குமிழில் இருக்கும் 3, 5 பாகை அல்ல, அதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

புதுசு77: வால்வே எதற்கு? பாய்லரையே 40-க்குக் குறைத்தால் முடிந்ததே.

மார்க்கம் மச்சான்: கண்டென்சிங் என்றால் செய்யலாம். பழைய பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே போனால் உள்ளே வியர்த்து அரித்துவிடும். மேலே ரேடியேட்டர் இருந்தால் அதற்கும் 40 காணாது.

புதுசு77: என் வீட்டில் ஐந்து வருடமாக 40-தான், ஒன்றும் ஆகவில்லை.

பழைய பாய்லர்: உங்களுடையது கண்டென்சிங்காக இருக்கும். பாய்லர் எதுவென்றே தெரியாமல் வாதாட வந்துவிடுகிறார்கள்.

பனிமனை அக்கா: சண்டையை நிறுத்துங்கள். தம்பி, இரண்டு நாளைக்கு முன்னர் என்ன நடந்தது?

நிலவறைவாசி: வால்வு ஒழுகியது, புதிது போட்டோம். அதற்கென்ன அக்கா?

பனிமனை அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! வால்வின் உடம்பில் எச் (வெந்நீர் வாய்), சி (ஆறின தண்ணீர் வாய்) என்று எழுத்து இருக்கும். கொதிக்கிற குழாய் எதில் ஏறியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மாறியிருந்தால், சூடு காணாது என்று வால்வு எச் வாயைத் திறக்கத் திறக்க ஆறின தண்ணீரே வரும், பாய்லர் பக்கம் இறுக மூடிக்கொள்ளும். குமிழைக் கூட்டி ஒரு பயனும் இல்லை.

நிலவறைவாசி: சி-யில்.

காற்றுப்பிடாரன்: எதற்கும் காற்றையும் எடுத்துவிடுங்கள்.

நிலவறைவாசி: பிளம்பர் வந்து வால்வைத் திருப்பிப் போட்டார். இப்போது வெதுவெதுப்பு வருகிறது. நன்றி அக்கா.

புதுசு77: என்னுடையது கண்டென்சிங் இல்லை. இப்போதுதான் கீழே போய்ப் பார்த்தேன். அடியில் துரு மாதிரி ஏதோ இருக்கிறது, பரவாயில்லையா?